அன்றாட மோட்டார் வண்டியும் பந்தயத் தடமும்

ஜேர்மனி தேசத்தின் மேற்குப் பகுதியிலே ஐஃபெல் என்னும் மலைப்பிரதேசம் ஒன்று உண்டு. அடர்ந்த காடுகளினூடே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லுகின்ற மோட்டார்ப் பந்தயப் பாதை ஒன்று அங்கே 1927 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. நூர்பேர்க்றிங் என்பது அதன் பெயர். அதன் வடக்குச் சுற்று ஏறக்குறைய 20.8 கிலோமீற்றர் நீளமுடையது. மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 300 மீற்றர் வேறுபாடு உண்டு. பந்தய வீரர் ஜாக்கி ஸ்ருவேட் இதற்குச் சூட்டிய பெயர் 'பச்சை நரகம்' என்பதாகும். 1976 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 1 ஆந் திகதி, உலகச் சம்பியனாக விளங்கிய நிக்கி லௌடா இங்கே நிகழ்ந்த விபத்தில் தீயிற் சிக்கி, மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அதன் பின்னர் போர்முலா வன் பந்தயம் அந்த வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை.

ஆயினும் அந்தப் பாதை பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிடவில்லை. செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரமும், வீதியில் ஓடத்தக்க வாகனமும் உடைய எவரும், குறித்த நாட்களில் கட்டணம் செலுத்தி அதிலே தமது வண்டியைச் செலுத்தலாம். அவ்வேளைகளில் அது சட்டத்தின் கண்ணில் ஒருவழிப் பொதுவீதியாகவே கொள்ளப்படுகின்றது. நேரம் கணித்து ஓடுவது அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. காலையில் அலுவலகத்துக்குச் சென்ற அதே கார் மாலையில் அந்த வாயிலில் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இங்கிலாந்திலும் இவ்வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைக்கப்பட்ட விமானத்தளங்கள் சில, யுத்தம் முடிந்தபின் வேலையற்றுக் கிடந்தன. அவற்றின் ஓடுபாதைகளும் சுற்றுவீதிகளும் பந்தயத் தடங்களாயின. சில்வர்ஸ்ரனும் குட்வூட்டும் 1948 ஆம் ஆண்டில் அவ்வாறு பிறந்தவையே. இலங்கையிலும் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில், யுத்தகாலத்துப் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமே பின்னர் மோட்டார்ப் பந்தயத் திடலாகியது. பந்தயம் இல்லாத நாட்களிலே இத்தகைய தடங்களைச் சாதாரண சாரதிகளுக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டை ஆங்கிலேயர் 'ட்றாக் டே' என்பர். தமிழில் அதனைத் தடநாள் எனலாம். தடநாள் போட்டியன்று, அங்கே பரிசு இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. தன் வண்டியின் இயல்பையும் தன் கையின் இயல்பையும், எதிரே லொறியும் குறுக்கே பாதசாரியும் வராத இடத்தில் ஒருவன் அறிந்துகொள்வதற்கான நாள் அது.

அன்றாட வண்டியைத் தடத்துக்கு எடுத்துச் செல்வதில் இரட்டைப் பொறுப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தடத்திற் சுழன்ற வண்டியே திங்கட்கிழமை காலையிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவேண்டும். ஆகவே, தடத்திலே பத்திரமாக ஓடவும் வேண்டும். வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பவும் வேண்டும். இதற்கு எவ்வித ஆயத்தம் தேவை? பணம் அளவாகவே இருப்பின் அதனை எதில் முதலிற் செலவிடுவது?

இவ்வினாவை எழுப்பினால், அனுபவமற்ற இளைஞர் பலர் எஞ்சினின் வலுவைக் கூட்டவேண்டும் என்றே விடை பகர்வர். அது பிழையான விடை. அதனை விளக்குவதற்கு மோட்டார்ச் சரித்திரத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். 1959 ஆம் ஆண்டிலே அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மினி கார், சிக்கனத்துக்காகப் பிறந்த சிறு குடும்ப வண்டி. பந்தய வண்டிகளை அமைப்பதிற் பெயர்பெற்ற ஜோன் கூப்பர், அதன் வளைவாற்றலைக் கண்டு வியந்து, அதனை வேக வண்டியாக்க முனைந்தார். 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த மினி கூப்பரில் எஞ்சினின் கொள்ளளவு 848 கன சென்ரிமீற்றரிலிருந்து 997 ஆக உயர்ந்தது. வலுவும் 34 குதிரை வலுவிலிருந்து 55 ஆக உயர்ந்தது. ஆனால் அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. முன்சில்லுகளிலே இருந்த பழைய பறை வடிவப் பிறேக்குகளை நீக்கித் தட்டுப் பிறேக்குகள் பொருத்தப்பட்டன. ஓட வைக்கும் ஆற்றலைக் கூட்டுமுன் நிறுத்தும் ஆற்றலைக் கூட்டவேண்டும் என்பதை அந்தச் சிறு வண்டி உலகுக்கு உணர்த்தியது. 1964 ஆம் ஆண்டு மொன்ரே கார்லோ நெடுந்தூர ஓட்டத்தில் பெரிய வண்டிகளை வென்று முதலிடம் பெற்றதும் மினி கூப்பர் இனத்து வண்டியேயாகும்.

பிறேக்கு ஏன் இத்துணை முக்கியம் பெறுகின்றது? ஓடும் வண்டியிலே இயக்கசக்தி என்னும் ஆற்றல் அடங்கியிருக்கின்றது. வேகம் இருமடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்காகும். வண்டியை மெதுவாக்கும்போது அந்த ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. பிறேக்குகளிலே வெப்பமாக மாறுகின்றது. 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 கிலோமீற்றருக்குக் குறைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம. அந்தச் சில விநாடிகளில் வெளிப்படும் வெப்பம், மூன்று லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வீதியிலே இவ்வாறான பிறேக்குப் பிடிப்பு ஒரு மாதத்தில் ஒருமுறை நிகழ்ந்தாலே அதிகம். தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நிகழும். பிறேக்குத் தட்டுகள் ஆறுவதற்கு முன்னரே அடுத்த வளைவு வந்துவிடுகின்றது. தட்டுகளின் வெப்பம் பல நூறு பாகைக்கு ஏறிவிடுகின்றது.

இவ்வெப்பம் இருவகையிற் கேடு செய்யும். முதலாவது, தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்ற உராய்வுக் கட்டைகள் தமது பிடிப்புத்தன்மையை இழந்துவிடும். அப்போது மிதிகட்டை காலுக்குக் கடினமாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் மெதுவாகாது. இரண்டாவது கேடு இதனிலும் கொடியது. காலின் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுசெல்வது குழாய்களில் நிரம்பியுள்ள ஒருவகைத் திரவம். பிறேக் ஒயில் என்று வழங்கினும் அது உண்மையில் எண்ணெயன்று. பெரும்பாலான வண்டிகளில் உள்ள இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டொட் 4 என்னும் வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அவ்வெல்லை 155 பாகையாகக் குறையலாம். டொட் 3 வகையில் இவ்விரு எண்களும் 205, 140 என அமையும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே சாரதி மிதிக்கும்போது குமிழிகள் சுருங்குமேயன்றி அழுத்தம் சில்லுக்குச் சென்று சேராது. மிதிகட்டை பஞ்சுபோல் அடித்தளம்வரை இறங்கிவிடும். அதிவேகத்தில் வளைவை நெருங்கும் ஒருவனுக்கு இதனிலும் பயங்கரமான கணம் வேறில்லை.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நான்கைந்து வருடம் மாற்றப்படாத திரவம் வீதியில் எவ்விதக் குறையும் காட்டாது; மிதிகட்டை திடமாகவே இருக்கும். அதன் பலவீனம் வெப்பத்திலேதான் வெளிப்படும். ஆகையால், தடநாளுக்கு ஆயத்தஞ் செய்பவன் முதற் செலவாகப் பிறேக்குத் திரவத்தை முற்றாக மாற்றி, குழாய்களிலுள்ள காற்றையும் வெளியேற்றுவித்தல் வேண்டும். புதிதாகத் திறந்த போத்தலையே பயன்படுத்தவேண்டும். திறந்து வைத்த போத்தலும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டொட் 5 என்பது சிலிக்கோன் சார்ந்த வேறுவகைத் திரவம். எண் பெரிதென்று கருதி அதனை மற்றவற்றோடு கலத்தல் ஆகாது. உராய்வுக் கட்டைகளிற் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கவேண்டும். புதிய கட்டைகள் பொருத்தப்படின், முதலில் வீதியிலே நிதானமாக ஓட்டி அவற்றைத் தட்டுகளோடு படியச் செய்தபின்னரே தடத்துக்குச் செல்லவேண்டும்.

அடுத்தது ரயர். வண்டி எத்துணை பெரிதாயினும் அது பூமியைத் தொடும் இடம் ஒவ்வொரு சில்லிலும் ஓர் உள்ளங்கை அளவே. திரும்புதல், நிறுத்துதல், முன்செல்லுதல் ஆகிய அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளையே நம்பியிருக்கின்றன. ஆகவே ரயரின் பக்கச்சுவரிலே வெடிப்போ வீக்கமோ இருக்கின்றதா என்று கையால் தடவிப் பார்த்தல் அவசியம். அதன் வயதையும் அறியவேண்டும். பக்கச்சுவரிற் பொறிக்கப்பட்டுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் என்பது பொருள். பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்பது சட்டம். தடத்தின் உரசலில் ஒரே நாளிலே ரயர் பெரிதும் தேயக்கூடும். அவ்வெல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரயரோடு காலையிற் புறப்படுபவன், மாலையில் வீதியில் ஓடத்தகாத வண்டியோடு நிற்க நேரிடும்.

ரயரின் காற்றழுத்தம் பற்றியும் சிறிது கூறவேண்டும். காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் உயரும் என்பது பௌதிகம் படித்த மாணவர் அறிந்த விதி. காலையில் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தலாக இருந்த ரயரின் உட்காற்று 50 பாகை கூடுதலாகச் சூடேறினால், அழுத்தம் சுமார் 40 இறாத்தலாகிவிடும். அப்போது ரயர் நடுவிலே உப்பி, பூமியைத் தொடும் பரப்புக் குறைந்து, வளைவிலே வழுக்கத் தொடங்கும். எனவே, சில சுற்றுகள் ஓடித் திரும்பிய உடனே, சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை அளந்து, மிகுதியைச் சிறிது சிறிதாக வெளியேற்றுவர். ரயரின் தோட்பகுதியிலே வெண்கட்டியாற் கோடு ஒன்று கீறிவிட்டால், அக்கோடு எதுவரை அழிந்திருக்கின்றது என்பதைக்கொண்டு ரயர் பக்கவாட்டிற் சாய்ந்து உருளுகின்றதா என்பதையும் அறியலாம். அவ்வாறு சாய்ந்தால் அழுத்தம் குறைவு என்பது கருத்து. மாலையில் வீடு திரும்புமுன் ரயர்களில் மீண்டும் வழமையான அளவுக்குக் காற்றடிக்க மறத்தல் ஆகாது. சூட்டிலே சரியாக இருந்த அழுத்தம், ஆறியபின் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

எஞ்சினுக்கு வேறுவிதச் சோதனை காத்திருக்கின்றது. பாத்திரத்தில் நீரை எடுத்துக்கொண்டு ஒருவன் வேகமாகத் திரும்பினால் நீர் ஒருபுறம் ஏறுவதைக் காணலாம். நீண்ட வளைவிலே கார் விரையும்போது எஞ்சினின் அடித்தட்டத்திலுள்ள ஒயிலும் அவ்வாறே ஒருபுறம் ஏறுகின்றது. நல்ல ரயர்கள் பூட்டிய சாதாரண வண்டியிற்கூட ஒயிலின் மேற்பரப்பு ஏறத்தாழ 40 பாகை சரியக்கூடும். அப்போது ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாய் வெறுங்காற்றை உறிஞ்சினால், சுழலும் தண்டுகள் உராய்வுநீக்கியின்றி ஒன்றையொன்று தேய்க்கும். சில விநாடியிலேயே எஞ்சின் பாழாகலாம். இதற்கு எளிய காப்பு, அளவுகோலின் மேற்குறிவரை ஒயில் நிரப்பி வைத்தலாகும். குறிக்கு மேலும் ஊற்றுவது பயன்தராது. சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரைக்கச் செய்துவிடும். பெற்றோலுக்கும் இதே விதி பொருந்தும். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால் வளைவிலே அது ஒதுங்கி, எஞ்சின் மூச்சுத் திணறும். அன்றியும் தடத்திலே பெற்றோல் செலவு வீதியில் ஆவதைப்போற் பன்மடங்காகும் என்பதையும் மனதிற் கொள்ளவேண்டும்.

றேடியேற்றரின் நீர்மட்டம், இறப்பர்க் குழாய்களின் வெடிப்பு, இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள், மூடியின் இறப்பர் வளையம் ஆகியவற்றை எஞ்சின் ஆறியிருக்கும்போது சோதித்தல் வேண்டும். ஒழுகும் வண்டி தன் சாரதிக்கு மாத்திரம் கேடு செய்வதில்லை. வளைவிலே சிந்திய ஒயிலும் குளிரூட்டும் திரவமும் பின்னால் வருகின்ற, முன்பின் அறியாத ஒருவரைத் தடத்துக்கு வெளியே வீசிவிடும். தடநாளை நடத்துவோர் ஒழுக்கைக் கண்டவுடனேயே வண்டியை வெளியேற்றுவதற்குக் காரணம் இதுவே.

இனிச் செலவே இல்லாத ஆயத்தங்கள் சில. சில்லுகளின் சுரைகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் திருகுகோலினால், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கவேண்டும். சில சுற்றுகளுக்குப் பின் மீண்டும் சோதிக்கவேண்டும். பற்றரி அசையாமற் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஜக்கு, மேலதிகச் சில்லு, தண்ணீர்ப் போத்தல், குடை, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் முதலிய யாவற்றையும் வண்டியிலிருந்து இறக்கிவிடவேண்டும். உருண்டோடும் போத்தல் ஒன்று பிறேக்கு மிதிகட்டையின் அடியிற் சிக்கினால், ஆயிரம் ரூபாய்ப் பிறேக்கும் பயனற்றதாகும். சாரதியின் காலடியிலுள்ள தரைவிரிப்பையும் இதே காரணத்தால் நீக்குவர். இழுவைக் கொளுக்கி வண்டியோடு வந்திருப்பின் அதனைக் காலையிலேயே பூட்டிவைத்தல் நன்று. மணலிற் புதைந்தபின் அதனைத் தேடுவது பிறருடைய நேரத்தையும் வீணாக்கும்.

சாரதியின் ஆயத்தமும் வண்டியின் ஆயத்தமேயாகும். தலைக்கவசமும் கைமூடிய சட்டையும் பல இடங்களிற் கட்டாயம். இருக்கையில் முதுகு நன்கு பதிய அமர்ந்து கையை நீட்டினால், மணிக்கட்டு சுக்கானின் உச்சியைத் தொடவேண்டும். பிறேக்கை முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் சற்றே மடிந்திருக்கவேண்டும். கொடிகளின் பொருளை மனனஞ் செய்தல் வேண்டும். மஞ்சட் கொடி ஆபத்தை உணர்த்தும். அப்போது முந்துதல் ஆகாது. செங்கொடி கண்டால் வேகத்தைக் குறைத்து, அவதானத்துடன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். நீலக்கொடி பின்னால் விரைவான வண்டி வருகின்றதென அறிவிக்கும். வழிவிடுவதில் இழுக்கு எதுவும் இல்லை. முன்செல்பவரின் சம்மதம் பெற்றே முந்துவது தடநாளின் மரபு.

ஒரு முக்கிய செய்தி காப்புறுதி பற்றியது. சாதாரண மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்கள் பல, பந்தயத் தடத்தில் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. பத்திரத்தின் சிறு எழுத்துகளை வீட்டிலிருந்தே வாசித்துவிடல் வேண்டும். அந்த வண்டி நொறுங்கினால் அதன் விலையை இழக்கத் தன் குடும்பத்தால் முடியுமா என்னும் கேள்விக்கு, புறப்படுமுன்னரே நேர்மையாக விடைகாண வேண்டும். முடியாதெனின், அன்றைய வேகத்தை அந்த விடையே தீர்மானிக்கட்டும்.

தடத்திலே இறங்கியபின் முதற் சுற்று மெதுவாகவே அமையவேண்டும். குளிர்ந்த ரயருக்குப் பிடிப்புக் குறைவு. பின்னர் பதினைந்து அல்லது இருபது நிமிடத்துக்கு மேல் ஓய்வின்றி ஓட்டுவது வண்டிக்கும் நல்லதன்று, சாரதிக்கும் நல்லதன்று. வண்டி சூடேறும் முன்னரே மனிதனின் கவனம் சிதறிவிடும். இறுதிச் சுற்றிலே பிறேக்கை இயன்றவரை தொடாது, காற்றினால் யாவும் ஆறும்படி நிதானமாக ஓட்டித் திரும்புவர். நிறுத்தியபின் கைப்பிறேக்கை இழுத்துவிடுதல் கூடாது. கொதிக்கும் தட்டைக் கட்டைகள் கவ்வி நின்றால் தட்டு சீராக ஆறாது. கியரிலே விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்தாற் போதும்.

மிதிகட்டை சிறிதேனும் மென்மையடைந்தால், அதுவே அன்றைய ஓட்டத்தின் முடிவு எனக் கொள்ளவேண்டும். இன்னும் ஒரேயொரு சுற்று என்னும் ஆசை, தடத்தில் நேரும் விபத்துகளுக்கு வழிதிறந்துவிடும் ஆசைகளிலே ஒன்றாகும்.

மாலையில் வீடு திரும்புமுன் ரயர், உராய்வுக் கட்டை, ஒயில், சில்லுச் சுரை ஆகிய நான்கையும் மறுபடி பார்த்தல் கடன். அவற்றோடு சாரதி தன்னையும் சிறிது ஆறவிடவேண்டும். நெடுநேரம் அதிவேகத்தில் ஓட்டியவனுக்கு வீதியின் நியாயமான வேகம் நடைபோலத் தோன்றும். கண் அவனை ஏமாற்றும். அன்று முழுவதும் மதில்களுக்கும் மணல்மேடுகளுக்கும் நடுவே ஓடிய வண்டி, இப்போது சைக்கிளில் வரும் முதியவரையும் தெருவைக் கடக்கும் குழந்தையையும் சந்திக்கப்போகின்றது.

தடத்தில் ஒருவன் கற்றுக்கொள்ளும் மிகச்சிறந்த பாடம் வேகமாக ஓட்டும் கலையன்று. தன் வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும், ரயர் எப்போது பிடியை விடும், தன் கவனம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பனவற்றை அவன் கண்கூடாக அறிந்துகொள்கிறான். அவ்வறிவோடு வீதிக்குத் திரும்புபவன் முன்னிலும் நிதானமான சாரதியாகவே திரும்புவான். பிறேக்குத் திரவத்துக்கும் நல்ல ரயருக்கும் செலவிட்ட பணம் தடத்திலே ஒருநாள் உதவும். மழைபெய்யும் இரவொன்றில், வீட்டை நோக்கிய வீதியிலே, அது மறுபடியும் உதவும்.